தொட்டால் கெட்டுவிடும் என்கிற கணினி நமக்கு வேண்டாம்

“தொடாதீங்கக்கா. தொட்டா கெட்டுப்பூடும்னு சார் சொல்லியிருக்காரு.”

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னது இது. இடம், வட மாவட்டம் ஒன்றில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. இடைநின்ற மாணவர்களின் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தேன். ‘கணினி அறை’ என்று எழுதிய கதவு அன்று திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் அறையைப் பெருக்கித் துடைக்கும் நாள். நான்கு பெண் பிள்ளைகள் துடைப்பத்தோடு உள்ளே இருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நானும் போனேன். பத்துக் கணினிகள், பத்தின் மேலும் நீலத் துணி. ஒரு துணியை விலக்கப் போனபோதுதான் அந்தப் பிள்ளை என்னைத் தடுத்தாள்.

“நீங்க இதுல படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“துடைச்சிருக்கோம்கா” என்றாள்.

தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “மேடம், பத்துல ஆறு ஓடாது. ஓடுற நாலுல ரெண்டு, விண்டோஸ ஆக்டிவேட் பண்ணுன்னு கேட்டுக்கினே இருக்குது. மிச்சம் ரெண்டுல வைரஸ். ஆள் அனுப்புங்கன்னு எழுதிப்போட்டு நாலு மாசம் ஆச்சு. புள்ளைங்க கை வெச்சு ஏதாவது ஆச்சுன்னா ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும்” என்றார்.

‘தொட்டால் கெட்டுவிடும்’ என்ற சொல் நம் காதில் எப்படி விழும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. அவரும் நம்மவர்தான். முதல் தலைமுறையில் படித்து, வேலைக்கு வந்து, பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கும்போது ஒரு ஆடிட் பாராவுக்குப் பயப்படுகிற மனிதர். ஆனால் யார் சொன்னாலும், என்ன அர்த்தத்தில் சொன்னாலும், முடிவு ஒன்றாகத்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த அறையைப் பெருக்குகிறார்கள், அதற்குள் இருக்கும் பொருளைத் தொடுவதில்லை.

தோழர்களே, இந்தப் பதிவில் நான் வாதாடப் போவது ஒரே விஷயத்துக்காக. அரசுப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், நம் விடுதிகள் எல்லாவற்றின் கணினிகளிலும் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம்தான் இருக்க வேண்டும். அதை அரசு தரும் என்று உட்கார்ந்திருக்காமல் நாமே இறங்கி எடுக்க வேண்டும். இது கம்ப்யூட்டர் படித்தவர்களின் விவகாரம் என்று ஒதுங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். நானும் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, சமூகவியல் படித்தவள்.

பூட்டு கதவில் மட்டும் இல்லை

அந்த அறையின் சாவி தலைமை ஆசிரியரின் மேசை டிராயரில் இருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியும் பூட்டு. தெரியாத பூட்டு ஒன்று கணினிக்குள் இருக்கிறது.

கணினியை ஆன் செய்ததும் முதலில் எழுந்து, மற்ற எல்லா மென்பொருளுக்கும் இடம் கொடுப்பது இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். அதை நாம் வாங்குவதில்லை, பயன்படுத்த அனுமதி வாங்குகிறோம். எத்தனை கணினியில் போடலாம், எத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதெல்லாம் அந்தக் கம்பெனி முடிவு செய்வது. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதை உரிமமே தடை செய்கிறது. அதாவது தொடாதே என்ற சொல் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

இதன் விலையை ஏழைப் பள்ளிதான் கொடுக்கிறது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தினார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு நிறுத்தினார்கள். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்க வேண்டும், குறைந்தது 4 ஜிபி நினைவகம் வேண்டும், இன்னும் சில நிபந்தனைகள். பத்து வருடப் பழைய கணினியில் அது கிடையாது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், கம்பெனி சொன்ன தேதியில் அது குப்பையாகிறது. பணக்காரப் பள்ளி புதியது வாங்கிக்கொள்ளும். நம் பள்ளி என்ன செய்யும்? நீலத் துணி போட்டு மூடி வைக்கும். இல்லாவிட்டால் யாரோ ஒரு கடைக்காரர் திருட்டுப் பதிப்பைப் போட்டுக் கொடுப்பார், அதோடு வைரஸும் வரும், பிறகு ‘பிள்ளைகள் கை வைத்ததால் கெட்டது’ என்ற பேரும் வரும்.

கெட்டது பிள்ளைகள் கையால் இல்லை. தேதி போட்டு விற்கப்பட்ட பொருள் அது, தேதி முடிந்தது, அவ்வளவுதான். பழியை மட்டும் நம் பிள்ளை சுமக்கிறாள்.

‘இலவசம்’ என்கிற வசவு

இந்தப் பேச்சை எடுத்தால் நம் தோழர்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. போன மாதம் ஒரு மாணவர் கூட்டத்தில் எம்.காம். படிக்கும் தம்பி ஒருவன் எழுந்து கேட்டான்: “அக்கா, கான்வென்ட் புள்ளைங்களுக்கு விண்டோஸ், எம்எஸ் ஆபீஸ். நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் ஓசில கெடைக்கறதா? நாளைக்கு இன்டர்வியூல எம்எஸ் ஆபீஸ் தெரியுமான்னுதான கேப்பான்? தனி டம்ளர் மாதிரி தனி கம்ப்யூட்டரா?”

கைதட்டல் விழுந்தது. நானும் தட்டியிருப்பேன். காலங்காலமாக மிச்சத்தையும் பழையதையும் வாங்கி வாழவைக்கப்பட்டவர்கள் நாம். ‘உங்களுக்கு இது போதும்’ என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுவது நம் தற்காப்பு. பாபாசாகேப் கோட்டும் சூட்டும் போட்டு நின்றதற்கு அர்த்தம் உண்டு. நமக்கு இரண்டாம் தரம் வேண்டாம்.

அதனால் அந்தத் தம்பிக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

முதல் பதில், லினக்ஸ் இரண்டாம் தரம் இல்லை. உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று வருடத்துக்கு இரண்டு முறை வெளியாகிறது. 2017 நவம்பரிலிருந்து அந்த 500-ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. தம்பி கையில் இருந்த ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருவே. இணையத்தின் சர்வர்களில் பெரும்பங்கு லினக்ஸ். ஐடி கம்பெனியில் சர்வர் பார்க்கும் வேலைக்குப் போகிறவன் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுதான். பணக்காரப் பிள்ளைக்குக் கல்லூரியில் கிடைக்கும் இந்த அறிவு, நம் பிள்ளைக்குப் பள்ளியிலேயே கிடைத்தால் அதை எப்படித் தனி டம்ளர் என்று சொல்வது?

இரண்டாவது, எம்எஸ் ஆபீஸ். லிப்ரே ஆபீஸில் ஒரு கணக்குத்தாள் போடக் கற்றவள், எக்ஸெலில் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வாள். கூட்டலுக்கும் சராசரிக்கும் இரண்டிலும் அதே வாய்ப்பாடுதான். பட்டன் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்தவன்தான் மாட்டிக்கொள்வான். 2007-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸின் மெனுக்களை மொத்தமாக மாற்றியபோது, இன்ஸ்டிட்யூட்டில் காசு கட்டி பழைய மெனுவை மனப்பாடம் செய்தவர்கள் எல்லாம் முழித்தார்கள். பள்ளியின் வேலை ஒரு கம்பெனியின் பொருளைப் பழக்குவது இல்லை, எந்தப் பொருள் வந்தாலும் பயப்படாமல் கை வைக்கப் பழக்குவது.

மூன்றாவது பதில் முக்கியமானது. தமிழ்நாட்டில் ‘விலையில்லா’ என்று ஒரு சொல் புழங்குகிறது. விலையில்லா மடிக்கணினி, விலையில்லா சைக்கிள். அரசு மரியாதையாகத்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் தெருவில் அது ‘ஓசி’ என்ற வசவாகத்தான் நம்மீது திரும்ப வருகிறது. நான் பேசுவது விலையில்லாததைப் பற்றி இல்லை, கட்டற்றதைப் பற்றி. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இந்த வகை மென்பொருளுக்கான உரிமம் நான்கு விஷயங்களைச் சொல்கிறது: எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், பக்கத்து ஆளுக்குப் பிரதி கொடுக்கலாம், திருத்தி, திருத்தியதையும் வெளியிடலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. உன் பேர் என்ன, ஊர் என்ன, தெரு என்ன என்று அது கேட்பதில்லை.

மாணவர்களுக்குக் கம்பெனிகள் மென்பொருளை மலிவாகக் கொடுப்பதும் உண்டு, சும்மாவே கொடுப்பதும் உண்டு. முதல் பொட்டலம் எப்போதும் சும்மாதான் கிடைக்கும். பழகிய கை வேலைக்குப் போகும் இடத்திலும் அதையே கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அது விலையில்லாதது, ஆனால் கட்டு இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

எங்கள் மன்றத்தில் நடந்தது

பேச்சோடு நிறுத்தினால் நானும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவேன். செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காலனியில் அம்பேத்கர் மன்றத்துக் கட்டடம் இருக்கிறது. அங்கே மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். ஒரு தனியார் அலுவலகம் தூக்கிப்போட இருந்த ஆறு பழைய கணினிகள் கிடைத்தன. ஐந்தில் 2 ஜிபி நினைவகம், அதில் மூன்றுக்கு ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது. ஒன்று மட்டும் கொஞ்சம் தெம்பானது, அதில் 8 ஜிபி போட்டோம்.

பொறியியல் படிக்கும் தோழர் ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தார். தெம்பான கணினியில் டெபியன் லினக்ஸைப் போட்டு அதைச் சர்வர் ஆக்கினார். எட்டு முனை ஸ்விட்ச் ஒன்று, கேபிள், கனெக்டர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்தது. மற்ற ஐந்து கணினிகளும் கேபிள் வழியாகச் சர்வரிலிருந்தே இயங்குதளத்தை எடுத்துக்கொண்டு எழுகின்றன. ஹார்டு டிஸ்க் இல்லாத கணினியும் எழுகிறது. இதற்கான மென்பொருளின் பேர் எல்டிஎஸ்பி. 1999-இலிருந்து இருக்கிறது. நார்வேயில் பள்ளிகளுக்காகவே ஸ்கோலேலினக்ஸ் என்று 2001-இல் ஆரம்பித்து, அது இன்று டெபியனின் ஒரு பகுதியாகவே வளர்ந்திருக்கிறது. எங்களுக்குத்தான் இதெல்லாம் இருபது வருடம் கழித்துத் தெரிகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பேரில் ஒரு கணக்கு, தன் கடவுச்சொல். எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவள் கோப்புகள் அவளிடம் வரும், ஏனென்றால் அவை சர்வரில் இருக்கின்றன. வீட்டில் தனக்கென்று ஒரு பெட்டிகூட இல்லாத பிள்ளைக்கு, தன் பேர் எழுதிய, மற்றவர் திறக்க முடியாத ஓர் இடம். அவள் எதை அழித்தாலும், எதை மாற்றினாலும் அவள் கணக்குக்குள் மட்டும்தான் மாறும். இயங்குதளத்துக்கு ஒன்றும் ஆகாது. மோசமாக ஏதாவது நடந்தால் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சர்வரிலிருந்து பழையபடி எழுந்துவிடும். ஒரே இடத்தில் திருத்தினால் ஐந்தும் திருந்தும். தொட்டால் கெட்டுவிடும் என்று சொல்ல இங்கே யாருக்கும் காரணம் இல்லை.

இணைய இணைப்பு எங்களுக்குக் கிடையாது. கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிச் சர்வரில் வைத்திருக்கிறோம். ஐந்து கணினியிலும் அது திறக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி, பெரியவர்களுக்கு ஸ்கிராச், படம் வரைய ஜிம்ப், வானத்தைக் காட்ட ஸ்டெல்லேரியம். தமிழ்99 விசைப்பலகையில் தமிழில் தட்டச்சுகிறார்கள்.

சிக்கலே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பழைய பிரிண்டர் ஒன்று மூன்று வாரம் எங்களை அழவைத்தது. மின்சாரம் போனால் சர்வரும் போகும், யுபிஎஸ் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். சர்வர் ஒன்று படுத்தால் ஆறும் படுக்கும், இது இந்த ஏற்பாட்டின் பலவீனம். இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல், அந்தப் பொறியியல் தோழர் வேலை கிடைத்து ஓசூர் போனதும் ஒரு மாதம் வகுப்பே நடக்கவில்லை. யாருக்கும் சர்வரைத் தொடத் தைரியம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்களே இன்னொரு பூட்டைச் செய்து, சாவியை ஒரே ஆளிடம் கொடுத்திருந்தோம். பிறகு அவர் விடுமுறையில் வந்தபோது, ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கும் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து, சர்வரை மொத்தமாக அழித்து, அவர்களையே திரும்பப் போடவைத்தார். இரண்டு முறை தப்பானது. மூன்றாவது முறை எழுந்தது. அதன் பிறகு இன்றுவரை வகுப்பு நிற்கவில்லை.

கேரளாவைப் பார்க்க வேண்டும், முழுதாகப் பார்க்க வேண்டும்

இதை ஒரு மன்றத்தில் செய்யலாம், மாநிலம் முழுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலம் பதில் சொல்கிறது. கேரளாவில் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. தொடக்கத்தில் அங்கேயும் பாடம் விண்டோஸில்தான். ஒரு கம்பெனியின் பொருளை ஏன் பாடமாக வைக்கிறீர்கள் என்று ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் சண்டை போட்டார்கள். படிப்படியாக லினக்ஸுக்கு மாறி, பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வையே மாநிலம் முழுவதும் லினக்ஸில் நடத்தும் நிலைக்கு வந்தார்கள். 2017-இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக ஆனது. உபுண்டுவை எடுத்துத் தங்கள் பாடத்துக்கும் மலையாளத்துக்கும் ஏற்ப மாற்றி, பள்ளிகளுக்கு அவர்களே தருகிறார்கள்.

2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் சொன்னது. ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உரிமச் செலவு என்ற கணக்கு அது. எனக்கு அது கொஞ்சம் தாராளமான கணக்காகத்தான் தெரிகிறது, பள்ளிகளுக்குக் கம்பெனிகள் தள்ளுபடி தருமே. பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 300 கோடி. அது எத்தனை விடுதிகளுக்குக் கழிப்பறை, எத்தனை பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே ஆசிரியர்களே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பது. 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றங்களைத் தொடங்கி, பள்ளியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். நான்கு மாதம் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆள் வகுப்பிலேயே இருக்கிறாள்.

ஆனால் அதே கேரளாவில், 2020-இல் கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புகள் தொடங்கியபோது, வீட்டில் டிவியும் ஸ்மார்ட்போனும் இல்லாத தலித், பழங்குடிப் பிள்ளைகள் முதல் நாளே வெளியே நின்றார்கள். ஓர் உயிர் போன பிறகுதான் அவசர அவசரமாக டிவிகள் போய்ச் சேர்ந்தன. பள்ளியின் கணினி கட்டற்றதாக இருந்தும், பள்ளி மூடியதும் அது இவர்களுக்கு இல்லை என்றானது. மென்பொருளை மாற்றிவிட்டால் சாதி மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காகிதத்தில் திறந்த குளம்

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே யாரும் லினக்ஸ் கூடாது என்று சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

2000-களின் பிற்பாதியில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்தவர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார், பள்ளிக் கணினிகளிலும் அதுவே இருக்கட்டும் என்று வாதாடினார். அந்த அதிகாரி தலித். 2010-இல், வேறொரு விவகாரத்தில், அவருடைய சாதிச் சான்றிதழையே கேள்வி கேட்டு அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு திரும்பப் பெற்றார்கள். அவர் செய்த வேலை ஒரு பக்கம், அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒரு பக்கம். இரண்டையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாஸ் லினக்ஸை நடுவண் அரசின் சி-டாக் உருவாக்கியது. அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிகளுக்கென்றே எடுபாஸ் என்ற பதிப்பும் வந்தது. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. நம்மில் பலர் அது என்னவென்று பார்க்காமலே அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமா ஏற்றினோம். 2014-இல் எக்ஸ்பி முடிந்தபோது துறைகள் பாஸுக்கு மாற வேண்டும் என்று தமிழ்நாடு அரசே சொன்னது. நடுவண் அரசு 2015-இல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் லிப்ரே ஆபீஸ் கால்க் பாடம் இருக்கிறது, பத்தாம் வகுப்பில் ஸ்கிராச் இருக்கிறது, பதினொன்றாம் வகுப்பில் உபுண்டு பற்றி இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. நான் பார்த்த அந்த அறையில் நீலத் துணிதான் இருந்தது.

இதைப் பார்த்தால் எனக்கு மகத் நினைவுதான் வருகிறது. பொது நிதியில் நடக்கும் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி 1924-இல் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் இருந்தது, குளத்தில் தண்ணீரும் இருந்தது, குடிக்க மட்டும் முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் தேதி பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் அது பொதுக்குளம் ஆனது. அதற்கும் அடி விழுந்தது, குளத்தைத் ‘தீட்டுக் கழித்தார்கள்’, வழக்கு பத்து வருடம் இழுத்து 1937-இல்தான் முடிந்தது.

குளத்தையும் கணினியையும் ஒன்றாக வைக்கலாமா, அது உயிர்த் தண்ணீர் அல்லவா என்று கேட்கலாம். சரி, இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பொது என்று எழுதப்பட்டது தானாகப் பொதுவாகிவிடாது என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். கட்டற்ற உரிமம் நகராட்சித் தீர்மானம் மாதிரி. அது நம் பக்கம் இருக்கிறது, இறங்கி அள்ளுவது நம் வேலை.

கட்டற்ற மென்பொருள் தோழர்களுக்கு

இந்த இயக்கத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘எங்களிடம் சாதி இல்லை, நிரல் எழுதத் தெரிந்தால் போதும்’ என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். நிரல் எழுதத் தெரிந்தவன் எங்கிருந்து வருகிறான்? பத்து வயதில் வீட்டில் கணினி இருந்தவன், ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூச்சப்படாதவன், சனிக்கிழமை மாலை கூலி வேலைக்குப் போக வேண்டாதவன். திறமை என்று நீங்கள் எண்ணுவதில் பாதி, தாத்தா சேர்த்து வைத்தது. உங்கள் கூட்டங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

கோபத்தில் எல்லோரையும் ஒரே கூடையில் போடவில்லை. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் தன்னார்வலர்கள் சேர்ந்து அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் நடத்தினார்கள். பழைய கணினிகள், லினக்ஸ், அந்தப் பகுதிப் பிள்ளைகள். ஜிம்ப்பில் அந்தப் பிள்ளைகள் வரைந்த படங்கள் வெளியுலகம் வரை போயின. நம் பக்கத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. கணியம் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களை நாம் தேடிப் போய்க் கைகோக்க வேண்டும். அவர்களும் சென்னையை விட்டு வெளியே வர வேண்டும், வரும்போது பாடம் எடுத்துவிட்டுப் போகாமல் சாவியையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது

கோபத்தோடு படித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடாதீர்கள். நான்கு வேலை சொல்கிறேன்.

ஒன்று, மனு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1). பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். உங்கள் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேள்விகள் இவை: எந்தெந்தப் பள்ளி, விடுதியில் எத்தனை கணினிகள்? அதில் இன்றைக்கு ஓடுவது எத்தனை? என்ன இயங்குதளம்? கடந்த ஐந்து ஆண்டுகளில் மென்பொருள் உரிமத்துக்கும் பராமரிப்புக்கும் எவ்வளவு, எந்தத் தலைப்பிலிருந்து செலவானது? கணினி வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. கடைசியில் கேட்ட ‘எந்தத் தலைப்பு’ என்பதை விட்டுவிடாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாயாவது வருடாவருடம் உரிமக் கட்டணமாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். நம் அம்மாக்கள் அதில் உறுப்பினராக இருந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். இந்த முறை ஒரு தீர்மானத்தோடு அனுப்புங்கள்: கணினி அறை வாரம் இத்தனை மணி நேரம் திறந்திருக்கும், ஆதரவு முடிந்த கணினிகளில் லினக்ஸ் போட அனுமதி, பிள்ளைகளின் கையால் பழுதானால் ஆசிரியர் மீது பழி இல்லை. கடைசி வரி அந்தத் தலைமை ஆசிரியருக்காக. அவருடைய பயத்தை எடுக்காமல் அந்தக் கதவு திறக்காது.

மூன்று, குப்பைக்குப் போகும் கணினிகள். விண்டோஸ் 10 முடிந்ததால் அலுவலகங்கள் நல்ல கணினிகளைத் தூக்கிப்போட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்டு வாங்குங்கள். மன்றத்திலோ நூலகத்திலோ யார் வீட்டுத் திண்ணையிலோ வையுங்கள்.

நான்கு, சர்வரின் கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. குறைந்தது நான்கு பேர், அதில் இரண்டு பேராவது பெண் பிள்ளைகள். இதை நாங்கள் ஒரு மாதம் வகுப்பை இழந்து கற்றுக்கொண்டோம், நீங்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளிக்குத் திரும்பப் போனேன். தலைமை ஆசிரியர் உடனே சரி என்றுவிடவில்லை. “எழுத்துல குடுங்க மேடம்” என்றார். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு எழுத்தில் கொடுத்தோம். ஓடாத ஆறில் இரண்டில் மட்டும் முயற்சி செய்து பார்க்க அனுமதி கிடைத்தது. மன்றத்துப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை பென் டிரைவோடு வந்தார்கள். அன்று என் கையைத் தடுத்த அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தாள். திரை எழுந்ததும் பயனர் பேர் கேட்டது. “உன் பேர அடி” என்றான் பத்தாவது படிக்கும் பையன். அவள் தன் தாவணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

மிச்சம் எட்டு அந்த அறையில் இன்னும் துணிக்கு அடியில்தான் இருக்கின்றன. அடுத்த குழுக் கூட்டம் வரும் மாதம். வேலை இருக்கிறது தோழர்களே.

ஜெய்பீம்.